இருபத்துநான்காவது ஈடு

"வாழைப்பழ வாசனை தூக்கலா இருக்கணுமா, கிராம்பு வாசனை தூக்கலா இருக்கணுமா, தம்பி?"

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கடையில், குளிர்பெட்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி மர்செலின் அக்கா கேட்டாள். கோதுமை பியருக்கு ஈஸ்ட் வேண்டும் என்று வந்து நிற்கிற எல்லாரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். வீட்டுக்கு இருபது லிட்டர் காய்ச்சிக்கொள்ளலாம் என்று புதுச்சேரியில் அனுமதி வந்து பத்து வருஷமாகிறது. கடை திறந்த நாளிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்திருக்கும்.

யுகேந்திரன் பேந்தப் பேந்த விழித்தான். இருபத்துமூன்று தடவை கோதுமை பியர் காய்ச்சியவன் அவன். ஆனால் ஈஸ்ட் வாங்கக் கடைப்படி ஏறியது இதுதான் முதல் தடவை.

"குழந்தை வாசனை வேணும்," என்றான்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். மர்செலின் சிரிக்கவில்லை. குளிர்பெட்டியைச் சாத்திவிட்டு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க. மணக்கூடத்துல வாங்கினதா?"

"ஆமாங்க்கா."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு. ஆதிரை. அஞ்சு முடிய ஒரு மாசம் இருந்துச்சு."

"அந்த ஈஸ்ட்டுக்கு என்ன ஆச்சு?"

"எங்க அக்கா சிங்க்ல கொட்டிட்டாங்க."

நாற்பத்தொரு வயது ஆம்பளை, பட்டப்பகலில், பியர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

மணக்கூடம் தெரியாதவர்கள் இன்று குறைவு, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர் உடுத்திய துணியையோ, தலைவைத்துப் படுத்த துணியையோ கொண்டுபோய்க் கொடுத்தால், அதில் ஒட்டியிருக்கும் வாசனையைக் கருவியில் படித்து, அதே வாசனையைச் செய்யும்படி ஒரு ஈஸ்ட்டை மாற்றிக் கையில் கொடுப்பார்கள். கொண்டுவந்து வீட்டில் பியர் காய்ச்சினால், நுரையோடு ஆளின் வாசனையும் ஏறிவரும். "இது என்ன கூத்து, எதுக்கு சார் பியர்?" என்று முதல் நாளே யுகேந்திரன் அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டான்.

"மனுஷ வாசனையில பழ வாசனையும் இருக்கு, மசாலா வாசனையும் இருக்கு சார்," என்றார் அவர். "ரெண்டையும் ஒரே நேரத்துல நல்லா செய்யத் தெரிஞ்சது கோதுமை பியர் ஈஸ்ட். மிச்சத்தை நாங்க சொல்லிக்கொடுக்கிறோம். ஆனா கோதுமையைப் போட்டாத்தான் அது பேசும். வேற தீனி போட்டா வாயைத் திறக்காது. ஒவ்வொரு ஈடு முடிஞ்சதும் அடியில தங்குற மண்டியை எடுத்து வச்சு, அடுத்ததுக்குப் போடுங்க. தலைமுறை தலைமுறையா வரும்."

இட்லிக்குச் சொல்கிற மாதிரி அவர் "ஈடு" என்று சொன்னது யுகேந்திரனுக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து வீட்டிலும் அதே பேச்சுதான்.

"துணி திரும்பக் கிடைக்காது. கரைச்சாத்தான் படிக்க முடியும். வீட்டுல பேசிட்டு வாங்க," என்றும் அவர் சொன்னார்.

சஹானா துணியைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். யானைப் படம் போட்ட தலையணை உறை. மகள் போன நான்கு மாதமும் அதை முகத்தில் போட்டுக்கொண்டுதான் அவள் படுத்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, குளிப்பதில்லை. சாயங்காலம் நான்கு மணியானால் மட்டும் எழுந்துபோய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்கூல் வேன் வரும் திசையில் நிற்பாள். ஒருநாள் அப்படி நின்றவளைக் காணோம். தேடி ஓடிய யுகேந்திரன் வைத்திக்குப்பம் கடலில், இடுப்பளவு தண்ணீரில் அவளைக் கண்டுபிடித்தான். யாரோ மீன்காரர்கள் கையைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"துணியில இருக்கிற வாசனை நாளுக்கு நாள் போயிட்டே இருக்கு சஹா. ஈஸ்ட்ல இருந்தா நாம சோறு போடுற வரைக்கும் இருக்கும்," என்று அவன்தான் மன்றாடி, உறையை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தான்.

முதல் ஈட்டின் முதல் பாட்டிலைத் திறந்த சாயங்காலத்தை அவன் செத்தாலும் மறக்க மாட்டான். சீயக்காயும் வியர்வையும் பாலும் கலந்த, விளையாடிவிட்டு வந்த தலை. அப்படியே அவள். மகளுக்கு மண் தள்ளும்போது அழாதவன், நான்கு மாதம் கல்லாட்டம் இருந்தவன், அன்றைக்குக் கண்ணை மூடி அந்தக் கிளாஸை மோந்து பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். சஹானா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அவள் எழுந்து குளித்து, கோதுமை ஊறப்போட்டாள்.

அதன்பிறகு அவளுக்கு நிற்க நேரமில்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து, வெள்ளை வேட்டியில் கட்டித் தொங்கவிட்டு முளைகட்டி, மொட்டை மாடியில் காயவைத்து, லேசாக வறுத்து, மெஷினில் ரவைபோல் உடைத்து வருவாள். ஆதிரைக்கு ஆறு மாதத்தில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தபோதும் இதே வேலைதான் செய்தாள். அதில் அவளுக்குக் கைப்பழக்கம் இருந்தது. இருபது லிட்டருக்கு நாற்பது பாட்டில். தினமும் நான்கு மணிக்கு, யுகேந்திரன் ஆபீசிலிருந்து வந்ததும், ஒரு பாட்டில். கோதுமை பியரில் வாசனையெல்லாம் அடிமண்டியில்தான் என்பதால், முக்கால்வாசி ஊற்றியதும் பாட்டிலைச் சுழற்றி மண்டியையும் கலக்கிச் சொட்டுவிடாமல் ஊற்றுவாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மோந்து பார்ப்பார்கள். பிறகு கிளாஸைக் கொண்டுபோய்ச் செம்பருத்தி வேரில் கொட்டிவிடுவார்கள். ஒரு வாய் குடித்ததில்லை.

சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? "புள்ள போன துக்கத்துல ரெண்டும் குடிக்கப் பழகிடுச்சுங்க" என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். யுகேந்திரன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சஹானா எழுந்து நடமாடுகிறாள், அவனுக்கு அது போதும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில்தான் மூன்றாவது வருஷப் படையல் வந்தது. அவனுடைய அக்கா பிரதீபா விழுப்புரத்திலிருந்து ஒத்தாசைக்கு வந்தாள். தங்கமான மனுஷி. வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். படையல் நாளில் வீட்டில் பழைய மாவு இருக்கக்கூடாது என்பது அவள் புகுந்த வீட்டு வழக்கம். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடி பாட்டிலில் வெளுத்த பழுப்பில் ஏதோ பொங்கி நின்றது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். புளித்த வாடை.

வாழை இலையோடு யுகேந்திரன் உள்ளே நுழையும்போது அவள் சொன்னாள்: "தம்பி, உள்ள ஒரு பாட்டில் மாவு புளிச்சுப் பொங்கிக் கிடந்துச்சுடா. கொட்டிட்டேன். சஹானாவ ஒண்ணும் சொல்லாத, பாவம், அவளுக்கு ஏது நினைப்பு."

கழுவிய பாட்டில் மேடையில் கவிழ்ந்திருந்தது. சிங்க்கில் ஆவி பறந்தது. பின்னாலேயே கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியையும் ஊற்றியிருந்தாள்.

யுகேந்திரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சஹானா குளித்துக்கொண்டிருந்தாள். அக்காவைத் திட்டி என்ன பயன்? அந்த மண்டி என்னவென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. சஹானா வெளியே வருவதற்குள் அரிசிமாவைக் கரைத்து அந்தப் பாட்டிலில் ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். படையலில் ஆதிரையின் படத்துக்கு முன்னால் வடை, பாயசத்தோடு ஒரு கிளாஸ் பியரும் இருந்தது. பிரதீபா அதைப் பார்க்காத மாதிரி கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

"படையலுக்கு ஊத்தின பியர் பாட்டில் அடியில கொஞ்சம் மண்டி இருந்திருக்குமே?" என்று, எல்லாவற்றையும் கேட்டு முடித்த மர்செலின் கேட்டாள்.

"அதுதான் கடைசி பாட்டில். போன மாசம் மழையில கோதுமை காயல, காய்ச்சறது தள்ளிப்போச்சு. அதையும் அவ சுழட்டி ஊத்தி செம்பருத்திக்கு விட்டுட்டா. எனக்கு அப்புறம்தான் உறைச்சுது."

"மணக்கூடத்துல கேக்கலாம்னா..."

"போன வருஷமே மூடிட்டாங்களாமே. ஏதோ கேஸாமே. என்னக்கா கேஸ் அது?"

"அது பெரிய கதை." அவள் கல்லாப்பெட்டி மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "அங்க ஆறு வருஷம் வேலை பாத்தேன் நான். சரி, இப்ப எத்தனாவது ஈடு?"

"இருபத்துமூணு முடிஞ்சிருக்கு."

மர்செலினின் கை நின்றது. "அதே மண்டியையே எடுத்து எடுத்துப் போட்டா?"

"அவங்க அப்படித்தானே சொன்னாங்க."

அவள் உள்ளே போனாள். வரும்போது தட்டில் நான்கு சின்னக் கிளாஸ் இருந்தது. நான்கிலும் ஒரே கோதுமை, ஒரே தண்ணீர், ஈஸ்ட் மட்டும் வேறு வேறு. "நான் எதுவும் சொல்லல. நீங்களே மோந்து பாத்து எடுங்க," என்றாள்.

முதல் கிளாஸில் வாழைப்பழ மிட்டாய் வாசனை முகத்தில் அடித்தது. இரண்டாவது பல் டாக்டர் அறைக்குள் நுழைந்த மாதிரி ஒரே கிராம்பு. மூன்றாவது பேக்கரி. நான்காவதை மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். கண் தானாக மூடிக்கொண்டது.

"அக்கா... இதுல அவ இருக்கா."

மர்செலின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதையே எடுத்துட்டுப் போங்க. வித்தியாசம் தெரியாது."

"இது யாரோட ஈஸ்ட்?"

"யாரோடதும் இல்ல. சாதா கோதுமை பியர் ஈஸ்ட். ரொம்ப பழசு, எல்லாரும் வாங்குறதுதான். இருபத்துரெண்டு டிகிரிக்கு மேல போகவிடாதீங்க, போனா வாழைப்பழம் தூக்கிடும். ஈரச் சாக்கு சுத்தி வைங்க."

"என் வைஃபுக்குத் தெரிஞ்சிடுமாக்கா?"

"உங்களுக்கே தெரியலையே," என்றாள் மர்செலின்.

வண்டியில் வரும்போது அந்தப் பேச்சு அவனை உறுத்தியது. ஆதிரையின் ஈஸ்ட்டை இந்த அம்மா ஒருநாளும் மோந்ததில்லை. பிறகு எப்படி வித்தியாசம் தெரியாது என்று அடித்துச் சொல்கிறாள்? ஆறு வருஷ அனுபவம், அதனால் இருக்கும் என்று தேற்றிக்கொண்டான். எந்தச் சாமி புண்ணியத்திலோ நான்கில் ஒன்று ஒத்துப்போனதே, அதற்குமேல் எதற்கு ஆராய்ச்சி?

அடுத்த மூன்று வாரம் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆதிரை இருந்திருந்தால் அந்த மாதக் கடைசியில் எட்டு வயது முடியும். பிறந்தநாளுக்கு முதல் பாட்டிலைத் திறக்க வேண்டும் என்று சஹானா காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். பெரிய அண்டாவில் கோதுமை ரவையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டு இருவருமாகக் கொதிக்கவைத்தார்கள். ஆறியதும், "மண்டியை எடுத்துட்டு வா" என்றாள். அவன் முதுகைக் காட்டி நின்று, கடை பாக்கெட்டைக் கரைத்து வைத்திருந்த டம்ளரைக் கவிழ்த்தான். அரிசிமாவு பாட்டிலைப் பின்பக்கக் குழாயில் கழுவினான். சஹானா அவன் விட்டுப்போன டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு டிரம்மை மூடினாள்.

டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டி, மணிக்கொரு தடவை வெப்பமானியைப் பார்த்தான். ஆபீசிலிருந்து மதியம் ஓடிவந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனான். ஒவ்வொரு தடவையும் கண்முன்னால் வந்து நின்றது வைத்திக்குப்பம் கடல்தான். நான்கு மணி வெறும் நான்கு மணியாகக் கடந்த அந்த நாட்களில், அவள் கேட்டுக்குப் போகிறாளா என்று சமையலறை ஜன்னல் வழியாக வேவு பார்த்தான். அவள் போகவில்லை. மாடியில் காயப்போட்ட வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

பிறந்தநாள் வந்தது. சஹானா தலைக்குக் குளித்து, மகளுக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தில் சுடிதார் போட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு நீளக் கிளாஸ். நான்கு மணி. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் வந்தது. முக்கால்வாசி ஊற்றினாள். பாட்டிலைச் சுழற்றி மண்டியைக் கலக்கி மிச்சத்தையும் ஊற்றினாள். நுரை வெள்ளையாக, கெட்டியாக ஏறி நின்றது.

"நீ முதல்ல பாரு," என்று கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

யுகேந்திரன் கிளாஸைத் தூக்கி மோந்தான். வாசனை அவன் மூக்கில் ஏறவே இல்லை. கண்ணை விரித்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்துவிடுவாளா, கண்டுபிடித்துவிடுவாளா என்ற ஒரே நினைப்பு.

"எப்படி இருக்கா?" என்றாள் சஹானா.

"அப்படியே இருக்கா சஹா. நீ பாரு."

அவள் கிளாஸை வாங்கினாள். மோந்து பார்க்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"கடையில வாங்கின ஈஸ்ட்டா?"

ஏதேதோ உளறினான். அக்கா, சிங்க், வடிகஞ்சி, அரிசிமாவு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். "என்னை மன்னிச்சிடு சஹா, தொலைச்சிட்டேன், அவளை மறுபடியும் தொலைச்சிட்டேன்" என்று மேஜையில் தலையை வைத்துக்கொண்டான்.

அவள் அவன் தலைமுடியைக் கோதினாள்.

"நீ ஒண்ணும் தொலைக்கல. அவ எட்டாவது ஈட்டுலயே போயிட்டா."

அவன் நிமிர்ந்தான்.

"எட்டாவது ஈட்டுல வாசனை கம்மியா இருந்துச்சு. ஒன்பதுல வெறும் பழமும் கிராம்பும்தான். நீ ஆபீஸ் போயிருக்கும்போது மணக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். ஈஸ்ட் மறந்துடுமாம். நாம சொல்லிக்கொடுத்தது அதுக்குப் பாரம்தானாம், பெருகப் பெருக இறக்கி வச்சிட்டு, பழைய ஈஸ்ட்டாவே ஆயிடுமாம். யாருக்குமே பத்து ஈட்டைத் தாண்டலியாம். அதுக்குத்தான் எல்லாரும் கேஸ் போட்டாங்க."

நான்காவது கிளாஸை அவன் மோந்தபோது மர்செலின் ஏன் முகத்தைத் திருப்பினாள் என்று யுகேந்திரனுக்கு இப்போது விளங்கியது. சிங்க்கில் போனது எதுவோ, அதையேதான் அவன் கடையிலிருந்து வாங்கி வந்திருக்கிறான். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அவன் மகள் என்று மோந்ததும் அதுதான்.

"தெரிஞ்சும் ஏன் சஹா... இத்தனை கோதுமை, இத்தனை வேலை... எனக்காகவா?"

"உனக்காக ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான்." அவள் காலி பாட்டிலை ஓரமாக நகர்த்தினாள். "நீ கண்ணை மூடி மோந்து பாப்பியே, அப்ப உன் மூஞ்சி மாறும். மூக்கு சுருங்கும், கீழுதடு ஒரு பக்கமா இழுத்துக்கும், அழப்போற மாதிரியும் இருக்கும், சிரிக்கப்போற மாதிரியும் இருக்கும். தூங்கி எழுந்திரிக்கும்போது அவ அப்படித்தான் இருப்பா. உன் ஜாடைதானே அவ? நான் கிளாஸைப் பாத்ததே இல்ல யுகா. தினம் நாலு மணிக்கு உன் மூஞ்சியில அவ வருவா. அதுக்குத்தான் காய்ச்சினேன்."

வெளியே ஸ்கூல் வேன் வந்து நின்று, யார் வீட்டுப் பிள்ளையையோ இறக்கிவிட்டுப் போனது.

"இன்னைக்கு நீ கண்ணை மூடவே இல்ல," என்றாள் சஹானா.

அவன் கிளாஸை எடுத்தான். கண்ணை இறுக்கி மூடினான். நுரையில் மூக்கு படும்படி ஆழமாக இழுத்தான். வாழைப்பழம். கொஞ்சம் கிராம்பு. அதற்குப் பின்னால் தேடினான். சீயக்காயை, பாலை, ஓடிவந்த தலையின் சூட்டைத் தேடினான். எல்லாம் பெயராக ஞாபகம் வந்தது, வாசனையாக ஒன்றும் வரவில்லை. அவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வேறு குறுக்கே நின்றது. மறுபடி இழுத்தான்.

"வந்தாளா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

அவன் மூக்கு நுனியில் ஒட்டியிருந்த நுரையைச் சஹானா துப்பட்டாவால் துடைத்துவிட்டாள், பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, அழுத்தாமல்.

"இல்லடா," என்றாள். "இன்னும் முப்பத்தொன்பது பாட்டில் இருக்கு. நாளைக்குப் பாக்கலாம்."

பிறகு கிளாஸை எடுத்துக்கொண்டு செம்பருத்திக்கு ஊற்றப் போனாள்.